காளைக்குப் போன சத்து

மிட்டாதார் கனகசபாபதிக்கு எல்லாம் மின்ன வேண்டும். செருப்பு மின்னும், மீசை மின்னும். இலையில் விழுந்த துவரம்பருப்பு மட்டும் ஒருநாள் மின்னவில்லை.

"ஏ மாடத்தி, என்ன இது, மண்ணு மாதிரி?"

"துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவெச்சு, திருகையில உடைச்சது, எசமான். சத்து அப்படியே இருக்கும்" என்றாள் சமையல்காரி.

"எனக்கே பாடமா? நாளையிலிருந்து பருப்புல என் முகம் தெரியணும். தெரியலன்னா வேற வீட்டுல போய்ச் சமை!"

மாடத்திக்கு வேறு வீடு ஏது? பருப்பைச் சாக்கில் போட்டு, எண்ணெய் தொட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். பருப்பு கண்ணாடி ஆனது. உதிர்ந்த மேல்தூளை அள்ளி அவருடைய காளைக்கு வைத்தாள். தினமும் இதே வேலைதான். மூன்று மாதத்தில் காளை கொழுத்தது, மிட்டாதாருக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

மாட்டுப் பொங்கல் வந்தது. காளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது மிட்டாதாரின் உரிமை. கயிற்றைப் பிடித்தார். காளை ஒரே இழுப்புத்தான். தெருப் புழுதியைக் கோயில் வாசல் வரை மார்பாலேயே கூட்டிக்கொண்டு போனார் மனுஷன்.

"இதுக்கு என்னடி தின்னக் கொடுத்தே?" என்று கூட்டத்தில் நின்ற மாடத்தியைப் பார்த்துக் கத்தினார்.

"உங்க பருப்புத்தான், எசமான். பளபளப்பை உங்களுக்கு வெச்சேன், சத்தை அதுக்கு வெச்சேன்."

ஊரே சிரித்தது. மிட்டாதார் மீசைப் புழுதியைத் துடைத்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளையிலிருந்து மாத்தி வை, தாயே!"