வெறும் தண்ணீர்

"மூணு கிணத்துலயும் விஷம் இருக்கு மேடம். நீங்க ஏன் அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

கேட்டவர் அருமைநாயகம். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தண்ணீரைச் சோதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று செண்பகவல்லியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவளோ அவருடைய மகளைவிடச் சின்னவள்.

வேலாங்கரை என்ற ஊரில், ஒட்டாத தோசைக்கல்லுக்குப் பூச்சு பூசும் பட்டறை ஒன்று முன்பு இருந்தது. அந்தப் பூச்சுக்குச் சேர்க்கும் ரசாயனம் மண்ணில் இறங்கிவிட்டால் மக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. துளியூண்டு இருந்தாலும் நாளடைவில் உடம்பைக் கெடுக்கும். ஊரின் குடிநீர்க் கிணறுகள் மூன்றிலிருந்தும் அருமைநாயகம்தான் தண்ணீர் எடுத்து வந்திருந்தார்.

செண்பகவல்லி இன்னொரு பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அது வெறும் தண்ணீர். ஆய்வுக்கூடத்தில் சுத்தம் செய்து அவரோடு அனுப்பியது. கிணற்றடியில் திறந்து, வேறு பாட்டிலுக்கு மாற்றி, மூடி, திரும்பக் கொண்டுவர வேண்டும். எடுக்கும்போது வெளியிலிருந்து எதுவும் கலக்கிறதா என்று பார்க்கத்தான்.

"இதுலயும் இருக்கு," என்றாள்.

"கொஞ்சம்தானே. கிணத்துல இதைவிட அதிகம்."

"அதுல எது கிணத்தோடது, எது நம்மளோடது?"

அவருக்குக் கோபம் வந்தது. நாம் இங்கே ஆராய்ந்துகொண்டிருந்தால் ஊர் அங்கே அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கும் என்றார். ஊராட்சித் தலைவரிடம் காலையிலேயே பேசிவிட்டதாகவும், முடிவு தெரியும்வரை லாரித் தண்ணீர் போகும் என்றும் அவள் சொன்னாள்.

அப்படியும் அவர் கோபம் போகவில்லை.

அன்று முழுக்க அவள் கருவியோடு மல்லுக்கட்டினாள். குழாய்களைக் கழற்றினாள், மாற்றினாள், புதிதாகச் சுத்தம் செய்த தண்ணீரைத் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தாள். கருவியில் குற்றமில்லை. பாட்டில்களிலும் இல்லை.

பிறகுதான் அவர் பக்கம் திரும்பி, தண்ணீர் எடுக்கப் போன அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்டாள்.

"என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"இவ்வளவு நேரம் என்னைத்தான் சார் சந்தேகப்பட்டேன்."

தண்ணீர் எடுத்த அன்று மழை. கதவுக்குப் பின்னால் அன்று அவர் போட்டிருந்த மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காதபடி பூச்சு பூசிய உசத்தியான கோட்டு. மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது.

அருமைநாயகம் எழுந்து போய் அதைக் கழற்றி வந்தார்.

கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் கையில் ஒரு துண்டு வெட்டினார். சுத்தமான தண்ணீரில் அதை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கருவியில் விட்டார்.

திரையில் கோடு செங்குத்தாக ஏறியது.

மறுபடியும் வேலாங்கரைக்குப் போனார். பழைய பருத்திச் சட்டை. அன்றும் மழை பிடித்துக்கொண்டது. பாட்டில்களை மூடிப் பத்திரப்படுத்திவிட்டு, மழை விடும்வரை ஒரு வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டே நின்றார்.

இந்த முறை வெறும் தண்ணீரில் ஒன்றும் இல்லை. இரண்டு கிணறுகளிலும் இல்லை.

மூன்றாவதில் இருந்தது.

செண்பகவல்லி கையெழுத்துப் போட்டாள்.

"நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க சார்," என்றாள்.

அந்தக் கிணறு முத்துப்பேச்சி என்ற விவசாயியுடையது. அவளும் புருஷனும் பாறையை உடைத்து வெட்டியது. கோடையிலும் வற்றாது என்பதால் தெருவே அதில்தான் இறைத்தது.

அவர் விஷயத்தைச் சொன்னார். குடிக்கவோ சமைக்கவோ இனி ஆகாது என்றார். மற்ற இரண்டு கிணறுகளையும் ஊர் தாராளமாகப் புழங்கலாம் என்றும் சொன்னார்.

அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாகக் கிடந்தது.

"நல்லாப் பாத்துட்டீங்களாய்யா?"

கல்லூரியில் எந்தக் கேள்விக்கும் நீளமாகப் பதில் சொல்லிப் பழகியவர் அவர்.

"பாத்துட்டேம்மா."

முத்துப்பேச்சி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கப்பியிலிருந்து கயிற்றை உருவி, சுருட்டத் தொடங்கினாள்.