காட்டாத சீட்டு

“அன்னைக்கு உங்க கையில என்ன சீட்டு இருந்துச்சு மேடம்?”

வெள்ளையப்பன் இதைக் கேட்கத்தான் சென்னையிலிருந்து கோவாவுக்கு வந்திருந்தார். போக்கர் சீட்டாட்டப் போட்டியில் ஆடவும்தான் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போட்டி முதல் நாள் மதியமே அவரை வெளியே அனுப்பிவிட்டது.

ஜெனிட்டா ஹோட்டல் சாப்பாட்டு அறையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளையப்பனைவிட வயதில் சின்னவர். ஆனால் இந்த ஆட்டத்தில் இருப்பவர்கள் அவரைக் குரு என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி.

“என்னைக்கு?” என்றார்.

வெள்ளையப்பன் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு போட்டியின் கடைசி மேஜை. இவர் கையில் இரண்டு ராணி, லேசில் கிடைக்காத ஜோடி. ஜெனிட்டா தன்னிடமிருந்த பந்தய வில்லைகளை, அந்த சிப்ஸ் மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்டார். அதற்கு ஈடாக இவரும் வைத்தால் அவருடைய சீட்டைப் பார்க்கலாம். தோற்றால் வீட்டுக்குப் போகலாம்.

யோசித்து யோசித்து வியர்த்துப்போய், இவர் ராணிகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

எதிராளி விலகிவிட்டால் ஜெயித்தவர் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஜெனிட்டா காட்டவில்லை. கட்டோடு கலந்துபோன அந்த இரண்டு சீட்டுகள் அன்றிலிருந்து இவர் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கின்றன.

“குடைஞ்சா என்ன?”

அங்கேதான் வினை. அதற்குப் பிறகு யார் பெரிதாக வைத்தாலும் இவருக்குக் கை அரிக்கிறது. சும்மா மிரட்டுகிறானோ? விலகினால் இதுவும் தெரியாமலே போய்விடுமோ? ஈடாக வைத்துவிடுகிறார். சீட்டைப் பார்த்துவிடுகிறார். பார்த்த கையோடு வெளியே வந்துவிடுகிறார்.

நேற்றும் அப்படித்தான். வைத்தவன் நல்ல சீட்டு வைத்திருக்கிறான் என்று பரிமாற வந்த பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருக்கும். இவருக்கும் தெரியும். தெரிந்தும் வைத்தார்.

இந்த ஆட்டத்தில் குடும்பம் நடத்தியவர். பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர். நாளை இன்னொரு போட்டி இருக்கிறது. அதிலும் இப்படியே எழுந்து வந்தால் மச்சானின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“அது ஒண்ணு தெரிஞ்சா போதும் மேடம். மனசு ஆறிடும். பழையபடி ஆடிடுவேன்.”

ஜெனிட்டா சட்னியைத் தொட்டுக்கொண்டார். அவர் சொல்ல மாட்டார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் வெள்ளையப்பன் வந்திருந்தார்.

“ஏழும் ரெண்டும்,” என்றார் ஜெனிட்டா.

சீட்டுக்கட்டிலேயே அதைவிட உதவாத ஜோடி கிடையாது.

வெள்ளையப்பனுக்கு முதலில் கோபம் வந்தது. ராணிகளை வைத்துக்கொண்டு ஏழுக்கும் ரெண்டுக்கும் பயந்து ஓடியிருக்கிறோமே என்று தன் மேலேயே வந்த கோபம். அது அடங்கியதும் அப்பாடா என்றிருந்தது. மூன்று வருடத்தில் இவ்வளவு லேசாக அவர் மூச்சு விட்டதில்லை. நன்றி சொன்னார். ஜெனிட்டாவுக்கு ஒரு காபி கொண்டுவரச் சொன்னார்.

காபி வருவதற்குள் வெள்ளையப்பன் முகம் மாறிவிட்டது.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“நிஜமாவே ஏழும் ரெண்டுமா?”

ஜெனிட்டா நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் வெள்ளையப்பனுக்கு மனப்பாடம். சிப்ஸைத் தள்ளிவிட்டு அன்றைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

“பார்க்கணுமா சார்? என்ன வைக்கிறீங்க?”

வெள்ளையப்பன் வாயைத் திறந்தார். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஏடு கட்டியது.

“ஒண்ணும் வைக்கல மேடம்,” என்றார்.

காபியை ஜெனிட்டா பக்கமாகத் தள்ளிவிட்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சீட்டைப் பார்க்காமலே எழுந்தார்.