விசைப்பலகையை இழுத்தவன்

நாகர்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். அங்கே சகாயமேரியை எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். நாளாக ஆக கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு கிட் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஆசான் அஜினிடம் விட்டிருந்தார். எழுதுகிற நிரலைப் படிப்படியாகப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மென்பொருள் அது. அஜினுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. யாராவது தடுமாறினால், "தள்ளுங்க, நான் பாக்கேன்" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

அன்று புதிதாகச் சேர்ந்த ரமீசாவிடமிருந்தும் அப்படித்தான் இழுத்தான். மளமளவென்று ஒரு கட்டளையைத் தட்டினான். அவள் அதுவரை எதையாவது கமிட் செய்து பத்திரப்படுத்தியிருக்கிறாளா என்று கேட்கத் தோன்றவில்லை. நோன்போடு நாளெல்லாம் உட்கார்ந்து அவள் எழுதியது மொத்தமும் போய்விட்டது.

"கமிட் பண்ணாதது உங்க தப்பு," என்றான்.

ரமீசா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அஜின் ஆசானிடம் ஓடி நடந்ததைச் சொன்னான். "ஆசானே, ரமீசா வேலையே வேண்டாம்னு கிளம்புறா. இப்படிப் பயந்துபோனவங்களுக்கு இதை எங்கேருந்து ஆரம்பிச்சுச் சொல்லிக்கொடுக்க?"

ஆசான் எழுந்து வகுப்புக்கு வந்தார்.

"ரமீசா, போறதுக்கு முன்னால ஒரு காரியம் செய். அஜின் கம்ப்யூட்டர்ல உக்காரு. அவன் எழுதின புரோகிராமைத் திற. எல்லாத்தையும் அழி."

அஜினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்று எழுதியதை கமிட் செய்தோமா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவன் கை தன்னால் விசைப்பலகைக்குப் போனது.

"கையை எடு," என்றார் ஆசான்.

ரமீசா தயங்கித் தயங்கி அழித்தாள். திரையில் ஒரு வரி மிச்சமில்லை.

"இப்ப திருப்பிக் கொண்டுவா."

"எனக்குத் தெரியாது மேம்."

"நான் சொல்லுதேன். நீ தட்டு."

ஆசான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ரமீசா தப்பாகத் தட்டினாள். அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். அதுவரை ஆசான் பேசாமல் நின்றார். கடைசியில் அஜின் எழுதியது அத்தனையும், அவன் கமிட் செய்துதான் வைத்திருந்த நேற்றையது உட்பட, திரையில் வந்து நின்றது.

ரமீசா பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"மேம், இன்னொரு தடவை அழிச்சுப் பாக்கட்டுமா?"

மற்றவர்களும் எழுந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆசான் ஓசைப்படாமல் வெளியேறினார். அஜின் நெற்றியைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தான்.

"ஆசானே, ஒருவேளை அது திரும்பி வராமப் போயிருந்தா?"

"அப்பவாவது அவகிட்ட போய் மன்னிப்புக் கேட்டிருப்ப," என்றார் ஆசான்.