பொன்னலகி கல்யாணத்து மொய்

மேற்கு மலைக் காட்டில் பொன்னலகி என்று ஓர் இருவாச்சிப் பறவைப் பெண் இருந்தாள். அவள் அலகு அப்படி ஒரு மஞ்சள். காலையில் அவள் கொட்டாவி விட்டால், சூரியன் இன்னொரு தடவை உதித்துவிட்டதென்று காட்டுச் சேவல்கள் மறுபடியும் கூவும். நம்பாதவர்கள் அந்தச் சேவல்களையே விசாரித்துக்கொள்ளலாம்.

அவளுக்குக் கல்யாண வயசு வந்தது.

இருவாச்சிக் குலத்தில் கல்யாணம் என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. மாலை மாற்றியதும் பெண் ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். வாசலை மண் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே அவள் இறகை எல்லாம் உதிர்த்துவிட்டு அடைகாப்பாள். குஞ்சு பெரிதாகும்வரை வெளியே வர முடியாது, பறக்கவும் முடியாது. புருஷன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. ஊட்டாவிட்டால்? குடித்தனம் நடத்தப் போன பொந்தே கல்லறை ஆகிவிடும்!

பொன்னலகியைப் பெண் பார்க்க வீரமுடி வந்தான். நல்ல மாப்பிள்ளைதான். சிவந்த கண், அகன்ற சிறகு. அவன் பறந்தால் அடுத்த மலையில் இருப்பவர்கள் ரயில் போகிறதென்று ஒதுங்கி நிற்பார்கள். கூடவே அவன் அப்பா பெருமூக்கர் வந்தார். அவருக்கும் பின்னால், கூப்பிடாமலே, கருங்குரங்கு தாவுமுத்து வந்தது. காட்டில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அதுதான் காண்ட்ராக்ட்.

"பெண் பிடித்திருக்கிறது!" என்றார் பெருமூக்கர். "எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போன வருஷம் மயில் வீட்டுக் கல்யாணத்துக்கு அரைக் காடு வந்தது. நம் வீட்டுக்கு முழுக் காடும் வர வேண்டும்!"

"வரும்!" என்றது தாவுமுத்து. "நீங்கள் ஒரு துரும்பை அசைக்க வேண்டாம். பந்தல், பந்தி, மேளம் எல்லாவற்றையும் இந்த வால் பார்த்துக்கொள்ளும். விருந்து ஆற்றங்கரை ஆலமரத்தில். மரமே தெரியாமல் பழம் பழுத்துக் கிடக்கிறது. பரிமாற என் சொந்தக்காரர்களே வந்துவிடுவார்கள்."

"கூலி எவ்வளவு?" என்று கேட்டாள் பொன்னலகியின் அம்மா.

"கூலியா! நம் வீட்டுப் பெண்ணுக்குச் செய்வதற்குக் கூலியா! பந்தி முடிந்து மிச்சம் மீதி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்."

சொல்லிவிட்டு ஆலமரம் இருந்த பக்கம் பார்த்து எச்சில் விழுங்கியது. பொன்னலகி அதைக் கவனித்துவிட்டாள்.

அவள் தனக்கென்று பார்த்து வைத்திருந்த பொந்து அந்த ஆலமரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பொந்துக்குள் போனபின் தன்னைக் காப்பாற்றப்போவது அந்த மரம்தான் என்று நினைத்திருந்தாள். ஒருநாள் விருந்தில் அது மொட்டையாகிவிட்டால் மறுநாளிலிருந்து என்ன தின்பது?

"மாப்பிள்ளையிடம் தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும்" என்றாள்.

இருவரும் அடுத்த கிளைக்குப் போனார்கள்.

"நாம் குடியிருக்கப்போகிற பொந்தைப் பார்த்தீர்களா?"

"எந்தப் பொந்து?" என்றான் வீரமுடி.

"சரி போகட்டும். ஆலம்பழம் தீர்ந்துபோனால் எந்த மரத்துக்குப் போவீர்கள்?"

"காட்டில் மரத்துக்கா பஞ்சம்?"

"இத்தனை நாளாகக் கல்யாணத்துக்கு என்னதான் யோசித்தீர்கள்?"

வீரமுடி தலையைச் சொறிந்தான். "ஊர்வலத்தில் தாழப் பறப்பதா, உயரப் பறப்பதா என்று யோசித்தேன். தாழப் பறந்தால் அலகு தெரியும். உயரப் பறந்தால் சிறகு தெரியும். இன்னும் முடிவுக்கு வரவில்லை."

பொன்னலகி சிரித்துவிட்டாள். இவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, அது நல்லது. பழம் தேடவும் தெரியவில்லை, அது ஆபத்து.

"கல்யாணத்துக்கு முன்னால் மேளக்காரர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள் அல்லவா?" என்றாள். "குடித்தனத்துக்கும் ஓர் ஒத்திகை பார்ப்போம். நிச்சயதார்த்தத்தன்று நான் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பொழுது சாயும்வரை எனக்குச் சாப்பாடு உங்கள் பொறுப்பு."

"இவ்வளவுதானா! பொந்து நிரம்பி வழியும், பார்!" என்றான் வீரமுடி.

நிச்சயதார்த்தம் மலைச்சரிவில் இருந்த அத்திமரத்தடியில் நடந்தது. "கல்யாண விருந்துக்கு இது ஒரு சாம்பிள்தான்!" என்று தாவுமுத்து தன் கூட்டத்தோடு மேலே ஏறியது. வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். மைனா மங்களம் பாடியது. பொன்னலகி பறந்து போய்ப் பொந்துக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

காத்திருந்தாள். வெயில் ஏறியது. தூரத்தில் சிரிப்பும் கும்மாளமும் கேட்டன. வெயில் இறங்கியது. கும்மாளமும் ஓய்ந்தது. வீரமுடியைக் காணோம். கதவு இன்னும் அடைபடாத பொந்துதான். ஆனாலும் அவளுக்கு மூச்சு முட்டியது.

பொழுது சாயும் நேரத்தில் ரயில் சத்தம் கேட்டது. வீரமுடி வந்து உட்கார்ந்தான். அலகில் ஒரே ஒரு காய். பச்சைக்காய். அதிலும் வண்டு துளைத்த ஓட்டை.

"என்ன ஆயிற்று?"

"அப்பா என்னை நகரவே விடவில்லை, பொன்னு! 'வருகிறவர்களை மாப்பிள்ளை நின்று வரவேற்க வேண்டாமா?' என்றார். ஆந்தையின் சித்தப்பா முதற்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் போட்டேன். கடைசியில் மரத்தைப் பார்த்தால் இலைதான் இருந்தது. அதையும் தாவுமுத்துவின் மச்சான் மென்றுகொண்டிருந்தான்."

"வேறு மரம் தேடவில்லையா?"

"தேடினேன்." அவன் குரல் இறங்கியது. "எனக்கு வேறு மரமே தெரியவில்லை. பசிக்கிறதா?"

"காது அடைக்கிறது" என்றாள் பொன்னலகி.

விஷயம் தெரிந்ததும் பொன்னலகியின் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வேளைச் சோறு போடத் துப்பில்லை! இந்தச் சம்பந்தமே வேண்டாமடி!"

"இரு அம்மா" என்றாள் பொன்னலகி. "வாசலை அடைக்கும் முன்னாலேயே தெரிந்ததே, அது லாபம். தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். தெரியும் என்று சாதிக்கிறவரோடுதான் வாழ முடியாது."

மறுநாள் காலையில், அத்திமரத்தில் தங்கியிருந்த பெருமூக்கரிடம் பொன்னலகியும் வீரமுடியும் போனார்கள்.

"மாமா, ஆலமரத்தில் விருந்து வேண்டாம். அது பொந்துக்கான சாப்பாடு."

"விருந்தைக் குறைப்பதா!" பெருமூக்கர் சிறகை அடித்துக்கொண்டார். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

"அந்த நாலு பேர் எனக்குப் பழம் கொண்டுவந்து ஊட்டுவார்களா, மாமா?"

"பாருங்கள், பெண் இப்போதே எப்படி வாயாடுகிறது!" என்று தாவுமுத்து எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது.

"அப்படியானால் இந்தக் கல்யாணமே வேண்டாம்! டேய், கிளம்புடா!" என்று கத்தினார் பெருமூக்கர்.

எல்லோரும் வீரமுடியைப் பார்த்தார்கள். இதற்குமேல் பொன்னலகி செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வீரமுடி கிளையை இறுகப் பிடித்துக்கொண்டான். "நீங்கள் போங்கள், அப்பா. வேறு எந்தப் பெண்ணைக் கட்டினாலும் அவளுக்கும் இதே பச்சைக்காயைத்தான் கொண்டுபோவேன். பொந்துக்குப் பறக்கப்போவது நான்தான். காடு வந்து பறக்காது."

பெருமூக்கர் பறக்க விரித்த சிறகை மடக்கிக்கொண்டார். பையன் இதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பொன்னலகி தேன் ஒழுகப் பேசினாள். "மாமா, முழுக் காட்டையும் கூப்பிடுங்கள். ஒருவரையும் விட்டுவிட வேண்டாம். விருந்தை மட்டும் ஆற்று நடுவில் இருக்கிற பாறைக்கு மாற்றிவிடுவோம். நாவல் பழமும் ஆற்றுத் தண்ணீரும் போதும். வருகிறவர்கள் மொய் செய்யட்டும்."

"என்ன மொய்?"

"ஆளுக்கு ஒரு மரம். பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம். எந்த மரம், எந்தப் பக்கம், எப்போது பழுக்கும் என்று சொன்னால் போதும். மைனா சபையில் அறிவிக்கும்."

பெருமூக்கர் தலையைச் சாய்த்தார். "சத்தமாக அறிவிக்குமா?"

"மூன்று மலைக்குக் கேட்கும், மாமா."

"யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லுமா?"

"முதலில் உங்கள் பெயர். அப்புறம்தான் மற்றதெல்லாம்."

பெருமூக்கரின் நெஞ்சு நிமிர்ந்தது. "நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்!" என்றார்.

கல்யாணத்துக்கு முழுக் காடும் வந்தது. யானைகள் வந்து உட்கார்ந்ததில் ஆறு கொஞ்ச நேரம் மேல்நோக்கி ஓடியதாம். எல்லோரும் நாவல் பழம் தின்றார்கள். நாக்கெல்லாம் நீலமாகிவிட்டதால், 'சாப்பாடே போடவில்லை' என்று ஒருவராலும் வெளியே போய்ப் புறம் பேச முடியவில்லை.

மாலை மாற்றியதும் மைனா பாறை உச்சியில் ஏறியது.

"பெருமூக்கர் வீட்டுக் கல்யாண மொய்! மலையணில் செவலையன், பள்ளத்தாக்கில் காட்டு ஜாதிக்காய் மரம் ஒன்று! குக்குறுவான் பறவைக் குடும்பத்தார், பாறையிடுக்கில் அத்தி ஒன்று! பழந்தின்னி வௌவால் மாமா, மரம் இரண்டு! வாழ்க, வாழ்க!"

வௌவால் இரண்டு என்றதும் கூட்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு மூன்று போடு!" என்றது பச்சைப்புறா. வீரமுடி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் முணுமுணுத்து மனப்பாடம் செய்தான். ஊர்வலம் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான்.

தாவுமுத்துவின் முறை வந்தது. அது வாலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. "என் ஆசீர்வாதத்தைவிடப் பெரிய மொய் உண்டா?"

"தாவுமுத்து, ஆசீர்வாதம் ஒன்று!" என்று கூவியது மைனா. "வெறும் ஆசீர்வாதம்!"

கூட்டம் சிரித்தது. யானை சிரித்ததில் பாறையே குலுங்கியது. தாவுமுத்துவின் பெண்டாட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. கறுத்த முகம் சிவந்ததென்றால் எவ்வளவு வெட்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

"மானம் போகிறதே!" என்று அவள் புருஷனைக் கிள்ளினாள். "அருவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெரிய ஆலமரம்! எல்லா மரமும் ஓய்ந்தபின் பழுக்குமே, அதைச் சொல்லித் தொலையுங்கள்!"

மைனாவுக்கு இது போதாதா? "தாவுமுத்து சம்சாரம், அருவிக்குப் பின்னால் ஆலமரம் ஒன்று! எல்லா மரமும் ஓய்ந்தபின் பழுக்கும்! வாழ்க, வாழ்க!" மூன்று மலைக்கும் கேட்டது.

பொன்னலகி நிம்மதியாகப் பொந்துக்குள் போனாள். வீரமுடியும் அவளும் வெளியிலும் உள்ளுமாக மண் பூசி வாசலை அடைத்தார்கள். அவள் ஓர் இறகுகூட மிச்சம் வைக்காமல் உதிர்த்தாள்.

பக்கத்து ஆலமரம் முதலில் ஊட்டியது. அது தீர்ந்ததும் ஜாதிக்காய் மரம், பிறகு அத்தி, பிறகு வௌவால் சொன்ன மரங்கள். கடைசியில் ஒரு கெட்ட காலம் வந்தது. காட்டில் ஒரு மரத்திலும் பழம் இல்லை. பொந்துக்குள் குஞ்சு பசியில் கத்தியது. வீரமுடி நேராக அருவிக்குப் பின்னால் பறந்தான்.

கிளையில் தாவுமுத்து கடுகடுவென்று உட்கார்ந்திருந்தது. "மாப்பிள்ளை, இன்னும் எத்தனை நாளைக்கு வருவதாக உத்தேசம்?"

"குஞ்சு பறக்கும்வரை! நீங்கள்தானே சொன்னீர்கள், நம் வீட்டுப் பெண் என்று!"

குரங்கு பழம் சாப்பிடத் திரும்பிக்கொண்டது.

மழை தொடங்கும் முன்னால் பொன்னலகி வாசலை உடைத்து வெளியே வந்தாள். புது இறகு. பின்னாலேயே கொழுகொழுவென்று ஒரு குஞ்சு. பெருமூக்கர் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "பார்த்தீர்களா? எல்லாம் என் ஏற்பாடு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீரமுடி வாயைத் திறக்கப் போனான். பொன்னலகி சிறகால் இடித்து அவனை அடக்கினாள். பெரியவருக்கும் ஒரு பங்கு வேண்டாமா?

பந்தலைப் பிரித்த மறுநாள் அடுப்பு எரியுமா என்று பார்த்துக்கொண்டுதான் பந்தக்கால் நட வேண்டும்.