மழையில் காட்டிய வீடு

ஏரிக்கரைப் பாறையடியில் சடைச்சி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டி வாழ்ந்துவந்தது. அதற்கு வயதாகிவிட்டது. தனியாக இரை தேட முடியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீடு இருந்தது. ஆனால் நாலு பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வெறுங்கையோடு போய் நிற்க மனம் வரவில்லை. வளையை விற்று, ஒரு மழைக்காலத்துக்குப் போதுமான கிழங்கோடு போவது என்று முடிவு செய்தது.

தரகனாக வந்தது ஓணான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் பிராணி. அந்தத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் காட்டில் கிடையாது.

சடைச்சி வேலையில் இறங்கியது. அடடா, அந்த வேலையைப் பார்க்க வேண்டுமே! முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு உள்ளே ஒரு சுற்று சுற்றினால் ஒட்டடை முழுவதும் முள்ளோடு வந்துவிடும். பழைய சருகை வெளியே தள்ளிப் புதுப் புல் பரப்பியது. வாசல் மண்ணை மிதித்து இறுக்கியது. கடைசியாக மூலைக்கு வந்தது. போன மழையில் பாறை இடுக்கு வழியே ஒழுகிய கறை அங்கே இருந்தது. புற்று மண்ணைக் குழைத்து, மூன்று நாள் உட்கார்ந்து அந்த இடுக்கை அடைத்தது.

ஓணான் வந்து பார்த்தது. கறையின் மேல் பச்சைத் தழையைச் சார்த்தி வைத்து, நல்ல வெயிலில் ஆளைக் கூட்டி வந்தால் அன்றைக்கே விலைபோய்விடும் என்றது.

“மழையிலதான் காட்டணும்” என்றது சடைச்சி.

“அக்கா, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்ங்கிறாங்க. வீடு விக்க ஒரு பொய் சொன்னா என்னவாம்?”

“அடைச்சது நிக்குமான்னு எனக்கே தெரியாது. எனக்கே தெரியாததை எப்படி விக்கிறது?”

இதற்கு மட்டும் ஓணான் தலையாட்டவில்லை.

மறுநாள் ஒரு முயல் தம்பதி வந்தது. பெண் முயலுக்கு நிறைமாதம். முயல் குட்டி பிறக்கும்போது உடம்பில் முடிகூட இருக்காது. ஈரம் பட்டால் பிழைக்காது. அதனால்தான் காய்ந்த வளையாகத் தேடி அலைந்தன. இந்த வளை ரொம்பப் பிடித்துப்போய், கிழங்குக்கும் ஒப்புக்கொண்டு, இன்றே குடிவருகிறோம் என்றன.

சடைச்சி கறையைக் காட்டியது. மழை வரட்டும், பார்த்துவிட்டுப் பேசலாம் என்றது. பெண் முயலின் முகம் வாடிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ஓணான் தலையில் அடித்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. முயல்கள் நனைந்துகொண்டே வந்தன. ஓணானும் வந்தது. சடைச்சி மூலையில் மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

முயல்கள் கவனிக்கவில்லை. ஓணான் மட்டும் பார்த்தது. சொல்லாதே என்று கண்ணைக் காட்டியது.

“ஒழுகுது தாயி” என்றது சடைச்சி. “இன்னைக்கு ஒரு சொட்டு. ஐப்பசியில ஓடையாயிடும்.”

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அந்த வயதில், அந்த மழையில், வழுக்கும் பாறை மேல் ஏறியது. தண்ணீர் எங்கிருந்து வந்து இடுக்கில் இறங்குகிறது என்று மேலே போனதும் தெரிந்துவிட்டது. வெயிலில் எத்தனை நாள் தேடியிருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. நகத்தால் மண்ணைக் கீறி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியது. ஆண் முயலும் ஏறி வந்து கரையில் கல்லை வைத்து முட்டுக் கொடுத்தது. தண்ணீர் வேறு பக்கம் திரும்பிப் போனது.

பெண் முயல் அந்த மூலையை விட்டு நகரவில்லை. மழை அடைமழையாகப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை பெய்தது. அடுத்த சொட்டு விழவே இல்லை.

“இந்த மூலையிலதான் குட்டி போடப் போறேன்” என்றது அது.

முயல்கள் கொடுத்த கிழங்கு, மலையைத் தாண்டி மகள் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே சடைச்சியும் போனது, தலை நிமிர்ந்து.

தன் வேலையில் உள்ள குறையைத் தானே சொல்லி, அதைத் திருத்தவும் இறங்குகிறவரின் வார்த்தையை நம்பிப் பிள்ளையையே படுக்க வைக்கலாம்.