கோணிச்சாமி

ஒரு ஊர்ல ஒரு சிலை இருந்துச்சு. ஆனா அந்தச் சிலையை ஊர்ல ஒருத்தரும் பாத்ததில்ல. கதைக்கு 'ம்' கொட்டிக்கிட்டே வா. ஏன்னா தலையிலேர்ந்து கால்வரைக்கும் கோணி சுத்தி, கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு.

அது அய்யாறுன்னு ஒரு கவிஞருக்கு வெச்ச சிலை. சாமியாவது பூதமாவதுன்னு பாட்டுக் கட்டினவர் அவர். கோயில் வாசல்லயே நின்னு பாடுவார். பூசாரிகூட உள்ளேர்ந்து தாளம் போடுவார், அவ்வளவு நல்ல பாட்டு. அவர் செத்ததும் ஊரே சேந்து கடைத்தெரு முக்குல கருங்கல் சிலை நட்டுச்சு. மந்திரி வந்து திறக்கணும், அதுவரைக்கும் யாரும் பாக்கக் கூடாதுன்னு கட்டிவெச்சுட்டாங்க.

அய்யாறுக்கு ஒரு அக்கா. பேரு செங்கமலம். தம்பியத் தூக்கி வளத்தவங்க. அய்யாறு போட்டோவே எடுத்துக்கிட்டதில்ல. அதனால சிற்பி அக்காகிட்டதான் மூக்கு எப்படி, காது எப்படின்னு கேட்டுக் கேட்டுச் செதுக்கினார். ஆனா முடிச்ச சிலைய அவங்களுக்கும் காட்டாமக் கோணி சுத்தித்தான் கொண்டாந்தாங்க. அப்புறம் காலம் ஓடுச்சு. செங்கமலத்துக்குத் தம்பி மூஞ்சி மறக்க ஆரம்பிச்சிருச்சு. கண்ண மூடினா குரல் வருது, மூஞ்சி வரல. கண்ணுலயும் புரை விழுந்துருச்சு. கண்ணு முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும்னு தவிச்சாங்க.

முதல் தடவ மந்திரி கிளம்பினார். சடசடசடன்னு மழை. பாதி வழியிலயே காரைத் திருப்பிட்டார்.

ரெண்டாவது தடவ பந்தல் போட்டு, மைக்கு கட்டி, ஹலோ ஹலோன்னு சொல்லிப் பாத்துட்டாங்க. அப்போ தேர்தல் அறிவிச்சுட்டாங்க. தேர்தல் முடியற வரைக்கும் எந்தச் சிலையும் திறக்கக் கூடாதாம்.

"அதுவரைக்கும் ஓரமா ஒரு ஓட்டை போட்டுக் காட்டுங்கய்யா"ன்னாங்க செங்கமலம். சிலைக் கமிட்டித் தலைவர், "மந்திரி பாக்காததை நீங்க பாத்தா மரியாதையா இருக்காதும்மா"ன்னுட்டார்.

தூங்கிட்டியா? ம், கேளு.

அப்போ ஒரு நாள், பிரேக் புடிக்காத லாரி ஒண்ணு கிறீச்சுனு வந்து, டமார்னு சிலை மேடையில மோதி நின்னுச்சு. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. டிரைவர் இறங்கினான். கோணியப் பாத்தான். என்ன சாமின்னு தெரியல. பக்கத்துக் கடையில தேங்கா வாங்கி, ணங்குனு உடைச்சு, கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

மறுநாள் ஒரு எலுமிச்சம்பழம் வந்துச்சு. அப்புறம் மஞ்சக் கயிறு. அப்புறம் உண்டியல். அப்புறம் பேரும் வந்துச்சு, கோணிச்சாமின்னு. நேரா பாத்தா கண்ணு போயிரும்னு யாரோ சொன்னாங்க. யாருமே பாக்காததால அது பொய்யின்னும் யாராலயும் சொல்ல முடியல.

மூணாவது தடவ புது மந்திரி வந்தே வந்துட்டார். கயித்துல கை வெச்சார். "ஐயோ, சாமி துணிய அவுக்கறாரே!"ன்னு ஜனம் கத்துச்சு. மந்திரி கூட்டத்த ஒரு தடவ பாத்தார். மெல்ல செருப்பக் கழட்டினார். "நான் பட்டுல்ல கொண்டாந்திருக்கேன், சாத்தறதுக்கு!"ன்னார். தனக்குப் போட்ட பட்டுச் சால்வைய எடுத்து நீட்டினார்.

சரி, கோணிய அவுத்துப் பட்டச் சுத்தணுமே, யாரு போறது? கண்ணு போயிருமே? கமிட்டித் தலைவர் தரையப் பாத்தார்.

"எனக்குத்தான் பாதிக் கண்ணு போயிருச்சே, நான் போறேன்"னாங்க செங்கமலம்.

சுத்திலும் நாலு சேலைய மறைப்பாப் புடிச்சாங்க. செங்கமலம் உள்ள போயி முக்காலி மேல ஏறினாங்க. கயித்த அறுத்தாங்க. பொத்துனு விழுந்துச்சு கோணி.

அவனேதான். கொய்யா மரத்துலேர்ந்து விழுந்து கோணிப்போன அதே மூக்கு. உதடு ஒரு பக்கமா ஏறி, "ஏன்க்கா, கடைசில எனக்கே பூசாரியாயிட்டியா?"ன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. செங்கமலத்துக்கு அடக்க முடியல. களுக்குனு சிரிச்சாங்க. அப்புறம் கலகலகலன்னு சிரிச்சாங்க.

"சாமி சிரிக்குதுடோய்!" வெளிய எல்லாரும் தொபுக்கடீர்னு விழுந்தாங்க, மந்திரி உள்பட.

செங்கமலம் சேலை இடுக்கு வழியாப் பாத்தாங்க. ஒருத்தர் கையில எண்ணெய்க் குடம், ஒருத்தர் கையில மஞ்சள். இத இப்படியே விட்டா இந்த மூஞ்சியில அப்பிடுவாங்க, நாலு நாள்ல மூக்கும் முழியும் தெரியாமப் போயிரும். தம்பி கன்னத்த ஒரு தடவ தடவினாங்க. பட்ட எடுத்து இறுக்கிச் சுத்தி முடிச்சுப் போட்டாங்க.

வெளிய வந்ததும் மந்திரி, "சாமி என்னம்மா சொல்லுச்சு?"ன்னு கேட்டார்.

"துணி மாத்தணுமாம். நான்தான் மாத்தணுமாம்."

"வருசத்துக்கு ஒரு தடவயாம்மா?"

செங்கமலம் யோசிச்சாங்க. "இல்லய்யா. வெள்ளிக்கு வெள்ளி."

அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் சேலை மறைப்புக்குள்ள முணுமுணுன்னு சத்தம் கேக்கும். மந்திரம் ஓதறாங்கன்னு ஜனம் கன்னத்துல போட்டுக்கும். "ஏன்டா, உருப்படியா ஒரு போட்டோ எடுத்து வெச்சிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?"ன்னு உள்ள அவங்க தம்பியத் திட்டிக்கிட்டிருப்பாங்க.

அக்காவும் தம்பியும் பேசட்டும், நாம எதுக்கு நடுவுல? கதை இங்கயே படுத்துக்கிச்சு. நீயும் படு.