நீலம் பாரித்த கண்ணாடி

தவசிமுத்து அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவரைப் போலவே தற்காலிகமாக இன்னும் இரண்டு பேர், சின்னராசுவும் ஒச்சம்மாளும். மூன்று பேரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். தட்டியிருந்தால் ஆய்வகம் பிழைத்திருக்கும், அது வேற விஷயம்.

ஆய்வகப் பொறுப்பாளர் கோமதி மேடம் திருச்சிக்குக் கிளம்பும்போது ஒரு கண்ணாடிச் சில்லைக் கொடுத்தார்.

"ஆரஞ்சுத் தண்ணியில இரும்பு கோத்த கரிமச் சேர்மம் இருக்கு. இந்த வெள்ளைத் தண்ணியில உலோக ஆக்சைடு கொத்து. அதுல ஒரு முக்கு, இதுல ஒரு முக்கு, நடுவுல நல்ல தண்ணியில அலசணும். இருபது தடவை. மெல்லிசாப் படலம் ஏறிரும். கை படக்கூடாது. முடிஞ்சதும் காய வைங்க. நாளன்னிக்கு இதைப் பாக்க ஒரு குழு வருது. படலம் சரியா இருந்தா குழுத் தலைவர் உங்க நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடுவார், தவசி."

வெளிச்சம் பட்டால் நீலமாவதும், இருட்டில் வைத்தால் நீலம் மறைவதும்தான் அந்தப் படலத்தின் பெருமையே. அதை மட்டும் மேடம் சொல்ல மறந்துவிட்டார்.

தவசிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது வருஷக் கனவு அந்தச் சில்லில் அல்லவா இருக்கிறது!

சின்னராசு இடுக்கியை எடுத்தவன் அப்படியே நின்றான். "அண்ணே, கை இடுக்கியில படும். இடுக்கி கண்ணாடியில படும். அப்போ கை பட்ட மாதிரிதானே?"

"ஆமாடா! நல்லவேளை, கேட்டே!" என்றார் தவசிமுத்து. அதனால் சின்னராசு இடுக்கியைப் பல்லில் கடித்துக்கொண்டு இருபது தடவை குனிந்து நிமிர்ந்தான். ஒச்சம்மாள் எண்ணினாள். எண்ணிக்கைக்கு நடுவில் அவனால் ஒரு தும்மல்கூடப் போட முடியவில்லை, பாவம்.

காய வைக்க வேண்டுமே? மொட்டைமாடிக் கொடியில் துணிகளுக்கு நடுவே கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். நல்ல உச்சி வெயில். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்த ஒச்சம்மாள் போட்ட கூச்சலில் காக்காயெல்லாம் பறந்துவிட்டது.

"ஐயோ, நீலம் பாரிச்சிருச்சே! எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான். பாம்பு தீண்டிருச்சு!"

தவசிமுத்து கொடியை அண்ணாந்து பார்த்தார். "மொட்டைமாடிக்குப் பாம்பு எப்படித்தா வரும்?"

"படியேறித்தான்."

விஷம் ஏறாமல் கயிறு கட்ட வேண்டும். ஆனால் கண்ணாடிக்குக் கால் எது, தலை எது என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் விவாதித்துவிட்டு, இரண்டு முனையிலும் கட்டினார்கள்.

"பெரியப்பாவை வேப்பிலையில படுக்க வச்சு, வெளிச்சமே காட்டாம வச்சிருந்தாக. ரெண்டே மணி நேரத்துல எந்திரிச்சாரு" என்றாள் ஒச்சம்மாள்.

ஒரு பானையில் வேப்பிலையைப் பரப்பி, சில்லை வைத்து, மூடிபோட்டு, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால், நீலம் போன இடம் தெரியவில்லை! தவசிமுத்து தேம்பித் தேம்பி அழுதார்.

மேடமும் திரும்பினார், குழுவும் வந்தது. மேடம் விளக்கைப் போட்டார். படலம் நீலமானது. எல்லாரும் கை தட்டினார்கள். தவசிமுத்துவோ விளக்கைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பாம்பு இல்லை, விளக்கில்தான் விஷம் இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மற்றவர்களை மேடம் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். தலைவர் மட்டும் ஆர்டரில் கையெழுத்துப் போட விளக்குப் பக்கமாக உட்கார்ந்து மைப்பேனாவைத் திறந்தார். பழைய பேனா, கசிந்தது. மூன்று விரல் நீலமானது.

"ஐயாவுக்கும் ஏறிருச்சு!" என்றான் சின்னராசு.

கண் மூடித் திறப்பதற்குள் தலைவர் கையில் கயிறு, மடியில் வேப்பிலை, கையில் பேனாவோடு இருட்டறைக்குள் இருந்தார். வெளியே தாழ்ப்பாள்.

"கதவைத் திறங்கய்யா!"

"நீலம் இறங்கிருச்சாங்கய்யா?"

"இருட்டுல என்னத்தய்யா தெரியும்?"

"தெரியலைன்னா இறங்குதுன்னு அர்த்தம்" என்றார் தவசிமுத்து. "இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கங்கய்யா."

உள்ளேயிருந்து கெஞ்சும் குரல். "அந்த ஆர்டரைக் கதவு இடுக்குல தள்ளு. கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என்னை விட்டுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

தாள் உள்ளே போனது. தாள் வெளியே வந்தது. தவசிமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒன்பது வருஷம்!

சின்னராசு எட்டிப் பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது. "அண்ணே, அடியில பாருங்க. நீலமா, கோணல்மாணலா…"

"கடிவாய்!" என்றாள் ஒச்சம்மாள்.

தவசிமுத்து ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருக்க இந்த ஆர்டர் என்ன கண்ணாடியா, சாதாரணத் தாளாயிற்றே! வாளித் தண்ணீரில் இருபது தடவை முக்கி முக்கி அலசினார். ஒச்சம்மாள் எண்ணினாள். கடைசி முக்கில் ஒரு பொட்டு நீலம் இல்லை.

மனசு குளிர்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். வேப்பிலையோடு வெளியே வந்த தலைவரிடம் சொட்டச் சொட்ட அந்தத் தாளைக் காட்டினார்.

"பயப்படாதீங்கய்யா. உங்களோட சேர்ந்து இதுவும் பிழைச்சிருச்சு!"